மூன்று மணிக்கு மாடியேறி வந்தவர்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பயத்தினால் இல்லை, அலுப்பினால். என் அப்பா மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக் கோயிலில் வருஷா வருஷம் சாமியாடியவர். தோட்டமே அவர் காலில் விழுந்து குறி கேட்கும். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் முட்டி வலிக்கிறது என்று தைலம் கேட்பார், நான்தான் தேய்த்துவிடுவேன். குறி கேட்ட அந்த அம்மாவுக்கு ஆண் பிள்ளை பிறக்கும் என்று எப்படிப்பா சொன்னீங்க என்று கேட்டால், வாயில வந்துச்சு, சொன்னேன் என்பார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை எப்படி வரும், நீங்களே சொல்லுங்கள். போதாததற்கு நான் கண் பரிசோதனை செய்கிற வேலையில் இருப்பவள். இல்லாததைக் கண் எப்படிப் பார்க்கும், இருப்பதை எப்படித் தவறவிடும் என்பதையெல்லாம் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவள். அதனால் நீங்கள் இதைக் கேட்டுவிட்டு, கனவாக இருக்கும் என்று சொன்னால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அது கனவு இல்லை.

அப்போது நாங்கள் சென்னையில் இருந்தோம். என் கணவர் குணாவை அவருடைய கம்பெனி இரண்டு வருஷ வேலையாக அங்கே அனுப்பியிருந்தது. கார் உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலை. நானும் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே போனேன். எங்கள் தாத்தாக்கள் அந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பலேறினார்கள் என்றாலும் எங்களுக்கு அது வெளிநாடுதான். கடையில் வாய் திறந்தால் எந்த ஊர் நீங்கள் என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் காலையில் எங்கள் ஊர் வழக்கப்படி "பசியாறியாச்சா?" என்று கேட்டதற்கு அவர் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. இதை நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டிச் சொன்னால் எனக்கே தாங்காது. ஈப்போவில் நான்கு வருஷம் வைத்தியம் பார்த்தேன், இரண்டு தடவை வயிற்றில் ஓட்டை போட்டுக் கருவி விட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. சென்னையில் ஒரு டாக்டர் இன்னொரு தடவை பார்த்துவிடலாம், இந்த முறை ஒரு சின்ன அறுவை சிகிச்சையும் செய்துவிடலாம் என்றார். குணாவின் பரிசோதனை ரிப்போர்ட் எப்போதோ எடுத்தது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று போட்டிருந்தது, அதைப் பார்த்துவிட்டு அந்த டாக்டரும் விட்டுவிட்டார். ஆகக் குறை என்னிடம்தான் என்று எல்லோரும் முடிவு செய்தாகிவிட்டது, நானும்தான். குணாவின் அக்கா என்னை மலேசியாவில் ஒரு கோயில் விடாமல் கூட்டிக்கொண்டு போனார். மண்சோறு சாப்பிட வைத்தார். உன் ஜாதகத்தைச் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டோம் என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார். குணா அப்போதெல்லாம் பக்கத்தில்தான் இருப்பார், தலையைக் குனிந்துகொண்டு. எனக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். அவரை நினைத்து நான் அழுதிருக்கிறேன், எவ்வளவு நல்ல மனுஷன், இன்னொருத்தராயிருந்தால் வேறு கல்யாணம் செய்திருப்பார் என்று.

அறுவை சிகிச்சை ஒரு புதன்கிழமைக்கு முடிவாகியிருந்தது. அதற்கு முந்தின சனி, ஞாயிறு எங்கேயாவது போய்விட்டு வரலாம், உனக்கும் மனசு கொஞ்சம் லேசாகும் என்று குணாதான் சொன்னார். பாண்டிச்சேரி போனோம்.

குருசுக்குப்பத்துக்கு அருகில், கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே, ஒரு பழைய வீட்டின் மாடி அறை. கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், பெயர் செலின். அக்கம்பக்கத்தில் எல்லோரும் மதாம் என்றுதான் கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம், அவர் குணாவை மிசியே என்பார். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து இறந்துபோனவராம். மதாமுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அதனால் காலையில் வேலைக்காரப் பெண் அவரைக் கொண்டுவந்து முன்கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் போனால், சாயங்காலம் அவள் திரும்பி வருகிறவரை அங்கேயேதான். நாற்காலிக்கு எதிரே மாடிப்படி. மாடிக்குப் போக அந்த ஒரு வழிதான்.

வெள்ளி இரவு போய்ச் சேர்ந்தோம். சனிக்கிழமை காலையில் கடற்கரையில் நடந்தோம், மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்று எல்லோரும் படம் எடுக்கிறார்களே, அப்படி நாங்களும் எடுத்துக்கொண்டோம், குணா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். நம்பினால் நம்புங்கள், ஏழு வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த காலை வேறு இல்லை.

அவருடன் வேலை பார்க்கிற செந்தில் என்பவருக்கு அங்கேயே லாஸ்பேட்டையில் வீடு. மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தார். எனக்கு அந்த வாரம் போட்ட ஊசியால் தலை பாரமாக இருந்தது, நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். குணா ஒரு மணிக்குக் கிளம்பினார். நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்ட சட்டை, நான் வாங்கிக் கொடுத்தது. நான் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

தூங்கினேன், அதை மறைக்கவில்லை. ஆனால் மின்சாரம் போய் விசிறி நின்றதும் விழித்துவிட்டேன். வெயில் காலம், விசிறி இல்லாமல் அந்த அறையில் ஐந்து நிமிஷம் படுக்க முடியாது. எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன், ஜன்னலைத் திறந்தேன், போனில் மணி பார்த்தேன், மூன்றாகப் பத்து நிமிஷம். கீழே தெருவில் ஒருத்தர் மீன் கூடையைச் சைக்கிளில் இருந்து இறக்கிக்கொண்டிருந்தார். திரும்பவும் வந்து சுவர் பக்கமாக ஒருக்களித்துப் படுத்துக்கொண்டேன், தூங்கவில்லை, புழுக்கத்தில் எங்கே தூங்குவது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், கனவு காண்கிறவள் மீன்காரரையா பார்ப்பாள்?

படியில் காலடிச் சத்தம் கேட்டது. குணாவின் நடைதான், வலது காலைக் கொஞ்சம் அழுத்தி வைப்பார். கதவு திறந்தது. சீக்கிரம் வந்துவிட்டாரே என்று நினைத்தேன், திரும்பிப் பார்க்கச் சோம்பலாக இருந்தது. கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். மெத்தை அமுங்கி என் முதுகு அந்தப் பக்கம் சரிந்தது. அப்போதுதான் புரண்டு பார்த்தேன். எனக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, கை இரண்டையும் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். அதே கட்டம் போட்ட சட்டை. பிடரியில் அந்த மச்சம்.

என்னங்க, சாப்பாடு எப்படி என்று கேட்டேன். அவர் திரும்பாமலே, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னார்:

"மாலா, கொற உன்கிட்ட இல்ல. என்கிட்டதான். பதினாறு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு, அதுல கொழந்த பெத்துக்கிற சக்தி போயிடுச்சு. கல்யாணத்துக்கு முன்னாடியே டாக்டர் சொல்லிட்டாரு."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. அந்த ரிப்போர்ட்டு, என்றேன். அது என்னுடையது இல்லை என்றார். ஒரு கூட்டாளியை அனுப்பித் தன் பெயரில் எடுக்க வைத்தது என்றார். யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அக்காவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும் என்றார். அக்கா என்னை மண்சோறு சாப்பிட வைத்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. வாயில் அந்த மண்ணின் ருசியே வந்துவிட்டது என்றுகூடச் சொல்வேன்.

"நான் செஞ்சது பாவம். நீ புதன்கெழம போகாத. உன்ன இன்னொரு தடவ அறுக்க விடாத" என்றார்.

நான் எழுந்து குளியலறைக்கு ஓடினேன், அவரைச் சுற்றிக்கொண்டுதான் ஓடினேன், ஆனால் அவர் பக்கம் பார்க்கவில்லை, பார்க்கப் பிடிக்கவில்லை. வாந்தி எடுத்து, முகம் கழுவி, குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பதினைந்து நிமிஷம் ஆகியிருக்கும். வெளியே வந்தபோது அறையில் யாரும் இல்லை. சொல்லிவிட்டுப் போய்விட்டார், என் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்தது கோபம் மட்டும்தான். கொஞ்சம்கூடப் பயமில்லை. பயப்பட என்ன இருக்கிறது, வந்தவர் என் கணவர்.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் கீழே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செந்தில் ஓட்டிவந்த ஸ்கூட்டரிலிருந்து குணா இறங்கி, கையாட்டிவிட்டு, ஒரு பேக்கரிப் பெட்டியோடு உள்ளே வந்தார். படியேறி வந்து பெட்டியை மேஜைமேல் வைத்து, உனக்குப் பிடிக்குமே என்று வாங்கினேன், தலைவலி எப்படி இருக்கிறது என்று கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இப்படியும் ஒரு மனுஷனால் நடிக்க முடியுமா?

மீதியையும் சொல்லிவிடுங்கள் என்றேன்.

என்ன மீதி என்றார்.

மூன்று மணிக்கு வந்து சொன்னீர்களே, அதன் மீதி என்றேன். அவர் சிரித்தார். மூன்று மணிக்கு நான் லாஸ்பேட்டையில் செந்தில் பையனுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், ஊசி போட்டதால் உனக்கு ஏதோ கனவு என்றார். போனைத் திறந்து படங்கள் காட்டினார். அவரும் அந்தப் பையனும் பலகையும். படத்தின் நேரம் மூன்று ஐந்து, மூன்று இருபது.

நான் அந்தப் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நிமிஷம், நம்பினால் நம்புங்கள், எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. அப்படியானால் எல்லாம் கனவுதான், அவர் நல்லவர்தான், குறை என்னிடமே இருக்கட்டும், பரவாயில்லை என்று. அந்தச் சந்தோஷத்தில்தான் சொன்னேன், பைத்தியம் மாதிரி ஒரு கனவுங்க, அந்த ரிப்போர்ட்டு உங்களோடது இல்லையாம், சின்ன வயதில் பொன்னுக்கு வீங்கி வந்ததாம் என்று.

குணாவின் கையில் கேக் வெட்டுகிற பிளாஸ்டிக் கத்தி இருந்தது. அதை மெதுவாகப் பெட்டிக்குள் வைத்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். என்ன உளறுகிறாய் என்று அவர் கேட்டிருந்தால் நான் இன்றைக்கும் அவரோடுதான் இருந்திருப்பேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"யாரு சொன்னது?" என்று கேட்டார். "அக்காவா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாங்கள் பேசியதில் உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர் என் போனை வாங்கி யார் யார் கூப்பிட்டார்கள் என்று தேடினார். யாரும் கூப்பிடவில்லை. நீங்கள்தான் சொன்னீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன், அவர் நம்பவில்லை. அக்கா வாய் தவறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கூட்டாளி காட்டிக்கொடுத்திருக்க வேண்டும் என்றார். தனக்கு யாரோ துரோகம் செய்துவிட்டார்கள் என்று அவருக்கு அவ்வளவு கோபம். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை, தப்பு செய்துவிட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை வரவில்லை. புதன்கிழமை என்னைக் கொண்டுபோய் அந்த மேஜையில் படுக்க வைத்திருப்பீர்கள்தானே என்று கேட்டதற்கு, சின்ன ஆபரேஷன்தானே மாலா என்றார்.

ஞாயிறு விடிந்ததும் என் பையை மட்டும் எடுத்துக்கொண்டு நான் கீழே இறங்கினேன். மதாம் அதற்குள் நாற்காலிக்கு வந்துவிட்டிருந்தார். பஸ் நிலையத்துக்கு ஒரு ஆட்டோ சொல்லச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போன் செய்தார். ஆட்டோ வரக் கொஞ்ச நேரமானது. எனக்கு வேறு வழியில்லை, கேட்டுவிட்டேன், நேற்று மத்தியானம் என் வீட்டுக்காரர் வந்ததைப் பார்த்தீர்களா என்று.

"பாத்தேனே. மூணு மணி இருக்கும், கரண்டு போயிருந்துச்சு. மிசியே, மேல ஒரே புழுக்கமா இருக்கும், இங்க உக்காருங்கன்னு சொன்னேன். திரும்பிக்கூடப் பாக்கல, நேரா மேல போயிட்டாரு" என்றார் மதாம்.

திரும்ப எப்போது இறங்கினார் என்று கேட்டேன்.

ஒரு கையால் முட்டியை நீவிக்கொண்டே சொன்னார்: "அதாம்மா எனக்கும் புரியல. நான் எங்க எந்திரிச்சேன், இந்தக் கால வெச்சிக்கிட்டு? கண்ணுகூட அசரல, போன்ல சீரியல் பாத்துக்கிட்டு இருந்தேன். எறங்கவே இல்ல. அஞ்சு மணிக்குப் பாத்தா கேட்டத் தொறந்துகிட்டு மறுபடியும் வராரு. சரி, நமக்குத்தான் வயசாயிடுச்சுன்னு விட்டுட்டேன்."

ஆட்டோ வந்துவிட்டது. மதாம் என் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார். நான் அந்த மதத்து ஆள் இல்லை, ஆனால் வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

புதன்கிழமை நான் போகவில்லை. அதற்கடுத்த வாரம் ஈப்போவுக்குத் திரும்பிவிட்டேன். கோர்ட்டில் எல்லாம் முடிந்து நான்கு வருஷம் ஆகிறது. குணாவின் அக்காவைக் கடையில் ஒரு தடவை பார்த்தேன், அவர் காய்கறிக் கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். பொய்யை அவர்கள் குடும்பமே சேர்ந்து காப்பாற்றியது. உண்மையை எனக்குச் சொன்னது யார் என்றுதான் தெரியவில்லை. என் கணவர் எனக்குச் சொல்லவில்லை, அது மட்டும் நிச்சயம். அவருடைய குரலும் சட்டையும் மச்சமும் உள்ள ஒன்று, அவர் செய்திருக்க வேண்டியதைச் செய்துவிட்டுப் போனது. சில நாள் எனக்கு இந்த மனுஷன்மேல் வருகிற வெறுப்பைவிட, அதன்மேல் வருகிற பாசம் அதிகமாக இருக்கும். இதைச் சொன்னால் நீங்கள் என்னைப் பைத்தியம் என்பீர்கள், சொல்லுங்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் நானே கொஞ்சம் கொஞ்சமாக இதைக் கனவு என்று ஒத்துக்கொண்டிருப்பேன், மதாம் உளறினார் என்று வைத்துக்கொண்டிருப்பேன். ஆனால் போன தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள், நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவரைக் கருவிமுன் உட்கார வைத்துக் கண் பார்த்துக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. குணா. நான்கு வருஷத்தில் முதல் தடவை. நலமா என்றுகூடக் கேட்கவில்லை. அன்றைக்கு நான் சொன்னதெல்லாம் பொய், யாரோ சொல்லிக்கொடுத்ததைக் கதை கட்டினேன் என்று கோர்ட்டு வாசல்வரை சாதித்தவர் அவர்.

"அன்னிக்கி வந்துச்சே, அது உக்காந்து பேசிச்சா, நின்னுக்கிட்டுப் பேசிச்சா?" என்று கேட்டார். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது, பக்கத்தில் இருக்கிற யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பது போல.

உட்கார்ந்து என்றேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்றேன்.

அடுத்து அதே சின்னக் குரலில் கேட்டார்: "மொகத்தப் பாத்தியா?"

நான் அப்போதுதான் யோசித்தேன். எத்தனையோ தடவை எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், யாரும் அதைக் கேட்டதில்லை. இல்லை, முகத்தைப் பார்க்கவில்லை என்றேன்.

"நல்ல வேள" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

அந்த எண் இன்னும் என் போனில்தான் இருக்கிறது. கூப்பிட்டு ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டுவிடலாம், ஒரு நிமிஷ வேலை. இதுவரை நான் கேட்கவில்லை.